"அப்போ கண்ணால பார்க்கிற எதையும் நம்பக் கூடாதா டீச்சர்?" – ஐந்தாம் வகுப்பில் காட்சி மாயை

கரும்பலகை | செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளியில ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்புல 23 பிள்ளைங்க. போன வாரம் கடைசிப் பிரிவேளையில காட்சி மாயை பத்திச் சொல்லலாம்னு போர்டுல ரெண்டு கோடு போட்டேன். ரெண்டும் 60 செ.மீ. ஒண்ணோட முனைகள்ல அம்புக்குறி உள்பக்கமா மடிஞ்சிருக்கும், இன்னொண்ணுல வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கும். 1889ல முல்லர்-லையர்ங்கிற ஜெர்மானியர் வெளியிட்ட படம், நிறைய பேர் பார்த்திருப்பீங்க.

"எது நீளம்?"னு கேட்டேன். 23 கையும் விரிஞ்ச கோட்டைத்தான் காட்டுச்சு. மீட்டர் ஸ்கேலைக் கொடுத்து ஒரு பையனை அளக்கச் சொன்னேன். ரெண்டும் 60. வகுப்பே கத்துச்சு. நானும் சந்தோஷத்துல "பாத்தீங்களா, கண்ணு எப்படி நம்மகிட்ட பொய் சொல்லுது!"ன்னு சொல்லிட்டேன்.

மணி அடிச்சதும் எல்லாரும் ஓடிட்டாங்க. மூணாவது வரிசையில உட்கார்ற ஒரு பொண்ணு மட்டும் பையை மாட்டிக்கிட்டு என்கிட்ட வந்தா. அதிகம் பேசாத பிள்ளை. "அப்போ கண்ணால பார்க்கிற எதையும் நம்பக் கூடாதா டீச்சர்?"னு கேட்டா. "அப்படி இல்லம்மா"ன்னு சொன்னேன். "அப்ப எதை நம்பலாம்?"னு கேட்டா. எனக்குப் பதில் வரல. மறுநாள் கணக்குப் போடும்போது, போர்டுல இருக்கிற எண்ணைப் பக்கத்துப் பிள்ளைகிட்ட ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் எழுதுறா.

ஒன்பது, பத்து வயசுப் பிள்ளைங்களுக்கு இதை எப்படிச் சொல்றது? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

---

கொத்துச்சாவி | செவ்வாய், இரவு 10:40

டீச்சர், அந்தப் பெண் கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். "கண் பொய் சொல்கிறது" என்ற வாக்கியத்தை நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். பிறகு நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அது தவறு. உங்கள் போர்டில் இருந்த இரண்டு கோடுகளும் விழித்திரையில் சம நீளத்தில்தான் விழுந்தன. கண் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதற்குப் பிறகு மூளை செய்த கணக்கில்தான் நீளம் மாறியது.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே நீக்கிவிடுங்கள். தண்ணீர் டம்ளரில் வைத்த பென்சில் ஒடிந்து தெரிவதையும், மே மாதத் தார்ச்சாலையில் தெரியும் கானல் நீரையும் பிள்ளைகள் இதோடு சேர்த்துவிடுவார்கள். அவை வேறு. அங்கே ஒளியே வளைந்து வருகிறது. கானல் நீரைப் படம் எடுத்து அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தாலும், அதில் வானத்தின் நிறம் இருக்கும். மூளைக்கு அதில் பங்கில்லை. உங்கள் கோடுகளைப் படம் எடுத்து அந்தப் படத்தின் மேல் ஸ்கேலை வையுங்கள், சமமாகத்தான் இருக்கும். வெளியே இல்லாத வித்தியாசம் உள்ளே உண்டாகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வைத்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

இன்னொன்று: அளப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், அளந்த பிறகு "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று பாதிப் பேர் சொல்வார்கள்.

---

இரட்டைவால் | புதன், காலை 7:05

கும்பகோணத்துக்காரன். எங்க ஊர்ப் பக்கம் இதுக்கு ஒரு கல்லே இருக்கு. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில்ல, யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கிட்டு நிக்கிற ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கு. ரிஷபகுஞ்சரம்னு சொல்வாங்க. 12ஆம் நூற்றாண்டு, ரெண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில். காளை உடம்பைக் கையால மறைச்சா யானை, யானை உடம்பை மறைச்சா காளை.

என் பையனுக்கு ஒன்பது வயசு, பொண்ணுக்கு அஞ்சு. போன லீவுல கூட்டிட்டுப் போனேன். நான் எதுவும் சொல்லல, "என்ன தெரியுது?"ன்னு மட்டும் கேட்டேன். பையன் யானைன்னான், பொண்ணு மாடுன்னா. ரெண்டும் சண்டை. அப்புறம் பையன் தானாவே கையை நீட்டி ஒரு பக்கத்தை மறைச்சான். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. "அப்பா, ரெண்டுக்கும் ஒரே தலைதான்"ன்னு அவனாவே கண்டுபிடிச்சான். ரெண்டு மிருகத்தையும் ஒரே நேரத்துல பார்க்க முடியுதான்னு இருபது நிமிஷம் முயற்சி பண்ணிக்கிட்டே இருந்தாங்க.

பக்கத்துல இருக்கறவங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. வரைஞ்ச படத்தைவிடக் கல்லுல பார்த்தது மனசுல நிக்குது.

---

கொத்துச்சாவி | புதன், காலை 8:30

@இரட்டைவால், அருமை. அது முல்லர்-லையர் வகையைச் சேர்ந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அளவுப் பிழை எதுவும் இல்லை. ஒரே உருவத்துக்கு இரண்டு பொருள், மூளை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். டென்மார்க்கின் எட்கர் ரூபின் 1915ல் எழுதிய குவளை–இரண்டு முகங்கள் படம் இதற்கு நெருங்கிய உறவு. டீச்சரின் மாணவிக்கு இது ஒரு நல்ல தொடக்கம், ஏனென்றால் இங்கே யாருமே தவறில்லை.

---

யாழ்மேசை | புதன், மாலை 5:48

வணக்கம் ரீச்சர். நான் யாழ்ப்பாணத்திலை தரம் 5 படிப்பிக்கிறனான். கோட்டுப் படத்திலை தொடங்காமல் குருட்டுப் புள்ளியிலை தொடங்கிப் பாருங்கோ. அதிலை ஒவ்வொரு பிள்ளையும் தன்ரை கண்ணிலையே செய்து பாக்கிறதாலை "ரீச்சர் ஏதோ வித்தை காட்டுறா" எண்ட எண்ணம் வராது.

நான் செய்யிறது இதுதான். ஒரு மட்டையிலை இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலையிருந்து 8 செ.மீ. தள்ளி வலது பக்கம் ஒரு கறுத்தப் பொட்டு. இடது கண்ணை உள்ளங்கையாலை மூடவேணும். வலது கண்ணாலை கூட்டல் குறியை மட்டும் பாத்துக்கொண்டு, கை நீட்டின தூரத்திலையிருந்து மட்டையை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டு வரவேணும். 30 செ.மீ. அளவிலை பொட்டுக் காணாமல் போகும். இன்னும் கிட்ட வந்தால் திரும்பி வரும்.

முதல் முறை எனக்குச் சரிவரேல்லை. அரைவாசிப் பிள்ளையள் "பொட்டு போகேல்லை" எண்டு சொல்லிச்சினம். பேந்துதான் விளங்கினது, பொட்டுப் போகுதோ எண்டு பாக்கிற ஆசையிலை கண்ணைப் பொட்டுக்குத் திருப்பிப் போடுகினம். இப்ப இரண்டு இரண்டு பேராய் இருத்திறன். ஒராள் பாக்கும், மற்றாள் எதிர்க்க இருந்து அந்தக் கருமணி அசையுதோ எண்டு காவல் இருக்கும்.

அந்த இடத்திலை பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியிலை போகுது, ஒளியை உணருற கலங்கள் அங்கை இல்லை. பிரான்ஸ் நாட்டு எட்மே மரியோட் 1660களிலை கண்டுபிடிச்சது. பிள்ளையளை உண்மையிலை அதிசயிக்க வைக்கிறது அடுத்த கட்டம்தான். பொட்டுக்கு நடுவாலை ஒரு நேர்கோடு கீறிப்போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கோ. பொட்டு மறையும், ஆனால் கோடு முறியாது! ஓட்டை தெரியவேண்டிய இடத்தை மூளை அக்கம்பக்கத்தைப் பாத்து நிரப்பிப் போடுது. ஒரு பெடியன் கேட்டான், "அப்ப இவ்வளவு நாளும் அந்த ஓட்டையை ஆர் நிரப்பினது?" எண்டு. நான் "நீதான்" எண்டனான்.

---

கண்ணாடிக்கடை | புதன், இரவு 9:20

கண் பரிசோதனைத் துறையில் இருக்கிறேன். யாழ்மேசை அக்கா சொன்ன முறை மிக நல்லது. அதோடு உள்ளங்கை ஓட்டை விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி வலது கண்ணில் வைத்து, இரு கண்களையும் திறந்தபடி தூரத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். இடது உள்ளங்கையை, விரல்கள் மேல்நோக்கி, குழலின் நடுப்பகுதியை ஒட்டி முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். உள்ளங்கையில் வட்டமாக ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். இரு கண்களும் அனுப்பும் இரு படங்களை மூளை ஒன்றாக்குவதால் வருவது.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் ஆறு வயதுப் பையனை அழைத்து வந்தார். வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் இதைச் செய்தபோது இவனுக்கு மட்டும் ஓட்டை தெரியவில்லையாம். "வெறும் கைதான் தெரியுது" என்று அழுதிருக்கிறான். மற்றவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். சோதித்ததில் ஒரு கண்ணில் அதிகப் பவர், அந்தக் கண்ணின் படத்தை மூளை ஒதுக்கியே வைத்திருந்தது. சோம்பல் கண் என்போம். கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடும் சிகிச்சையும் கொடுத்தோம். பார்வை நன்றாகத் தேறியது. வயது ஏற ஏற இந்தச் சிகிச்சையின் பலன் குறையும் என்பதால் சீக்கிரம் வந்தது பெரிய விஷயம்.

ஓட்டை தெரியாவிட்டாலே நோய் என்று யாரும் பயப்பட வேண்டாம், குழலைச் சரியாகப் பிடிக்காததாலும் தெரியாமல் போகும். ஆனால் திரும்பத் திரும்பச் செய்தும் ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வகுப்பில் "எல்லாருக்கும் தெரியுதா?" என்று கேட்டு ஆமாம் வாங்காதீர்கள். தெரியாத பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். ஒவ்வொருவரிடமும் "உனக்கு என்ன தெரியுது?" என்று கேளுங்கள்.

பின்பிம்பத்துக்கும் இது பொருந்தும். நம் கொடியை எதிர் நிறங்களில் (மேலே நீலம், நடுவில் கறுப்பு, கீழே இளஞ்சிவப்பு கலந்த ஊதா) வரைந்து 30 விநாடி உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் காவி, வெள்ளை, பச்சை தோன்றும். ஆனால் நிறக்குருடு உள்ள பிள்ளை வேறு மாதிரி சொல்லும். ஆண் பிள்ளைகளிடம்தான் அது அதிகம். அதைத் தவறான விடை என்று சொல்லிவிடாதீர்கள். வேகமாக மின்னி மின்னி மறையும் இணையப் படங்கள் மட்டும் வகுப்பில் வேண்டவே வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அது வலிப்பைத் தூண்டும்.

---

பனங்கிழங்கு | வியாழன், காலை 6:55

குற்றாலத்துல அருவியவே ஒரு நிமிஷம் பார்த்துட்டு சட்டுன்னு பக்கத்துப் பாறையப் பார்த்தா பாறை மேல ஏறுற மாதிரி இருக்கே, அதுவும் இதுதானா? சின்ன வயசுல இருந்து எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதுன்னு நெனச்சேன்.

---

கொத்துச்சாவி | வியாழன், காலை 9:10

எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். 1834ல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்து எழுதியதும் இதையேதான். கீழ்நோக்கிய அசைவைக் கவனிக்கும் நரம்பணுக்கள் தொடர்ந்து வேலை செய்து தளர்கின்றன. அசையாத பாறையைப் பார்க்கும்போது மேல்நோக்கியவற்றின் கை ஓங்குகிறது.

---

கரும்பலகை | வியாழன், இரவு 8:35

படிக்கப் படிக்க நிறைய தெளியுது. ஆனா என் கோட்டுக்கு வர்றேன். அது ஏன் நீளமாத் தெரியுது? நாளைக்கு ஒரு பிள்ளை கண்டிப்பா கேட்கும்.

---

கொத்துச்சாவி | வியாழன், இரவு 9:50

இங்கிலாந்தின் ரிச்சர்ட் கிரிகரி சொன்ன விளக்கம் வகுப்பறையிலேயே காட்டக்கூடியது. அறையின் உள்மூலையைப் பாருங்கள். சுவர் மூலையின் நேர்கோடும், மேலும் கீழும் விரியும் கூரை, தரைக் கோடுகளும் சேர்ந்தால் உங்கள் விரிந்த படம். வெளியே போய்க் கட்டடத்தின் வெளி மூலையைப் பார்த்தால் மடிந்த படம். உள்மூலை நம்மைவிட்டு விலகியிருக்கிறது, வெளிமூலை நம்மை நோக்கி நீட்டியிருக்கிறது. கண்ணில் ஒரே அளவாக விழும் இரண்டில் எது தூரத்தில் இருக்கிறதோ அதுதான் உண்மையில் பெரியது. இந்தக் கணக்கைத் தட்டையான படத்துக்கும் மூளை போட்டுவிடுகிறது.

---

நீலமலை | வியாழன், இரவு 11:25

இதில் எங்கள் மலைக்கும் ஒரு பங்கு உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901–02ல் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி ஆய்வு செய்தார். இந்தக் கோட்டுப் படத்தையும் அவர்களிடம் காட்டினார். ஆங்கிலேயர்களைவிட அவர்கள் இதில் குறைவாகவே ஏமாந்தார்கள். படுக்கைக்கோடு–நெட்டைக்கோடு படத்திலோ (சம நீளமான இரண்டில் நிற்கும் கோடு நீளமாகத் தெரியும் படம்) கூடுதலாக ஏமாந்தார்கள். 'பார்வை மயக்கம் எல்லா மனிதருக்கும் ஒரே அளவு' என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

1966ல் செகால், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல நாட்டு மக்களிடம் சோதித்து, நேர்மூலைகள் கொண்ட கட்டடங்களுக்குள் வளர்ந்தவர்களுக்கே இந்த மயக்கம் அதிகம் என்றார்கள். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் சான் மக்களிடம் அது இல்லை என்றே சொல்லலாம். தோடர்களின் பழைய வீடுகள் அரைப்பீப்பாய் போல வளைந்த கூரை கொண்டவை. ஆகவே கொத்துச்சாவி ஐயா, அந்தச் சுவர் மூலைக் கணக்கு நாம் வாழும் இடம் கற்றுக் கொடுத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

---

கண்ணாடிக்கடை | வெள்ளி, காலை 7:40

@நீலமலை, அப்படி முடிவாகச் சொல்லிவிட வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டம், பிறவியிலேயே கண்புரையால் பார்வையில்லாத இந்தியக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, அவர்கள் பார்க்கக் கற்கும் விதத்தையும் ஆராய்கிறது. 2015ல் அவர்கள் வெளியிட்டது: 8 முதல் 16 வயதுள்ள 9 பிள்ளைகளுக்கு, பார்வை வந்த உடனேயே இதே கோட்டுப் படத்தைக் காட்டினார்கள். தண்டவாளம் போலக் குவியும் கோடுகளுக்கு நடுவே இரண்டு கட்டைகள் இருக்கும் பான்சோ படத்தையும் காட்டினார்கள். இரண்டிலும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள். சுவர் மூலையை ஒருநாளும் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள்! அனுபவம் மட்டுமே காரணம் என்றால் இது எப்படி நடக்கும்?

---

நீலமலை | வெள்ளி, மதியம் 1:15

இதை நான் அறிந்திருக்கவில்லை, நன்றி. ஆனால் சான் மக்களின் முடிவும் அப்படியே இருக்கிறதே. அடிப்படை பிறவியிலேயே இருந்து, அளவைச் சூழல் கூட்டிக் குறைக்கிறதோ?

---

கண்ணாடிக்கடை | வெள்ளி, மதியம் 2:02

இருக்கலாம். ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. டீச்சர், பிள்ளைகளிடம் இரண்டு ஆய்வையும் சொல்லி "இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றே சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைத் தாங்கும் மனம் உண்டு.

---

இரட்டைவால் | வெள்ளி, இரவு 8:18

இன்னைக்கு வீட்டுல ஒண்ணு செஞ்சேன். ஒரே அளவு ரெண்டு வட்டம், ஒண்ணைச் சுத்திப் பெரிய வட்டங்கள், இன்னொண்ணைச் சுத்திச் சின்ன வட்டங்கள். எபிங்ஹாஸ் படம். பையன் உடனே ஏமாந்தான். அஞ்சு வயசுப் பொண்ணு "ரெண்டும் ஒண்ணுதான்"னுட்டா! நான் ஏதோ தப்பா வரைஞ்சுட்டேன்னு நெனச்சேன்.

---

கொத்துச்சாவி | வெள்ளி, இரவு 9:00

தப்பில்லை. 2010ல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இந்தப் படத்தில் பெரியவர்களைவிடச் சரியாகவே சொன்னார்கள். சுற்றியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வளர வளரத்தான் இந்த மயக்கம் வருகிறது போலும். அண்ணனிடம் சொல்லுங்கள், அவன் மூளை ஒரு படி அதிகமாக வேலை செய்கிறது.

---

மண்குதிரை | சனி, காலை 10:30

என் மகனுக்குப் பார்வை இல்லை. நாலாம் வகுப்பு, எல்லாப் பிள்ளைகளோடும்தான் படிக்கிறான். இது மாதிரி வகுப்பு நடக்கும் நாளில் அவன் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இல்லாவிட்டாலும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் குறுக்காகப் பின்னி, இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு காய்ந்த பட்டாணியை வைத்துக் கண்ணை மூடி உருட்டினால் இரண்டு பட்டாணி இருப்பதுபோல் தோன்றும். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். அடுத்து, ஒரு பெரிய டப்பா, ஒரு சின்ன டப்பா. மணல் போட்டு இரண்டையும் தராசில் சரியாக ஒரே எடைக்குக் கொண்டு வாருங்கள். தூக்கிப் பார்த்தால் சின்னதுதான் கனமாகத் தெரியும். தராசில் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் அப்படித்தான் தெரியும். டப்பாவைத் தடவிப் பார்த்துத் தூக்கும் என் மகனுக்கும் அதே. "அம்மா, எனக்கும் ஏமாறுது!" என்று குதித்தான். அன்றைக்கு அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

---

கரும்பலகை | சனி, மதியம் 12:05

@மண்குதிரை அக்கா, திங்கட்கிழமை வகுப்பை உங்க டப்பாவுலதான் தொடங்குவேன்.

---

கொத்துச்சாவி | சனி, இரவு 9:35

டீச்சர், அந்தப் பெண்ணின் "எதை நம்பலாம்?" என்ற கேள்வியை நாம் எல்லாரும் விட்டுவிட்டோம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒரு கரித்துண்டை நடுமதிய வெயிலில் வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளை டியூப்லைட் மட்டும் எரியும் அறையில் வையுங்கள். அளந்து பார்த்தால், வெயிலில் கிடக்கும் கரியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, அறையில் இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து வருவதைவிட அதிகம். பல மடங்கு அதிகம். ஆனாலும் நமக்குக் கரி கறுப்பாகத்தான் தெரிகிறது, தாள் வெள்ளையாகத்தான் தெரிகிறது. வந்த ஒளியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், 'இது வெயில், இது நிழல்' என்று மூளை கழித்துப் பார்க்கிறது. அந்தக் கழித்தல் இல்லாவிட்டால் மரநிழலுக்குள் போன அம்மாவின் முகம் நமக்கு வேறு ஆளாகத் தெரியும்.

இப்போது எட்வர்ட் ஏடல்சன் 1995ல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தைக் காட்டுங்கள். பலகை மேல் ஓர் உருளையின் நிழல் விழுந்திருக்கும். நிழலுக்கு வெளியே உள்ள 'கறுப்பு'க் கட்டமும், நிழலுக்குள் உள்ள 'வெள்ளை'க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல். ஒரு சார்ட்டில் இரண்டு ஓட்டை போட்டு, அந்த இரண்டு கட்டம் மட்டும் தெரியும்படி படத்தின் மேல் வைத்தால் போதும், பிள்ளைகளே கண்டுவிடுவார்கள். கரியைக் கரியென்று காட்டிய அதே கழித்தல்தான் இங்கேயும் நடக்கிறது.

ஆகவே அவளிடம் சொல்லுங்கள்: பார்க்கிறதை நம்பலாம். நாள் முழுக்க அது சரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் அது பிசகுகிற இடங்களைத் தேடிப் பிடித்துப் படமாக வரைய வேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் ஸ்கேல் இருக்கிறது, தராசு இருக்கிறது, பக்கத்துப் பிள்ளை இருக்கிறாள்.

---

கரும்பலகை | அடுத்த வாரம், வெள்ளி, இரவு 9:58

வகுப்பு முடிஞ்சு நாலு நாள் ஆகுது. டப்பா, பட்டாணி, மட்டை, சார்ட் எல்லாம் செஞ்சோம். ஊகத்தை முதல்ல நோட்டுல எழுத வெச்சேன். கரித்துண்டை வெயில்ல வெச்சுட்டு, ஜன்னல் சாத்தின வகுப்புல தாளையும் வெச்சுக் காட்டினேன். ரெண்டையும் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தாங்க. உள்ளங்கை ஓட்டை ஒரு பையனுக்கு மூணு நாளும் தெரியல. அவங்க அம்மாவை வரச் சொல்லிப் பேசியிருக்கேன், கண் மருத்துவர்கிட்ட அழைச்சுட்டுப் போறாங்க.

அந்தப் பொண்ணு எல்லாத்தையும் செஞ்சா, ஒண்ணும் பேசல. நேத்துப் பௌர்ணமி. உதிக்கும்போது பெரிசாத் தெரியற நிலா மேல போனதும் ஏன் சின்னதாகுதுன்னு வீட்டுல பார்த்துட்டு வரச் சொல்லியிருந்தேன். எப்படிப் பார்க்கணும்னு சொல்லல.

இன்னைக்குக் காலையில அவதான் முதல்ல வந்தா. தென்னங்குச்சி நுனியில ஒரு மிளகை ஒட்டி எடுத்துட்டு வந்திருந்தா. ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கையை நல்லா நீட்டி, நிலா பனைமரத்துக்கு மேல வந்தப்ப ஒரு தடவையும், சாப்பிட்டு முடிச்சு ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவையும் மறைச்சுப் பார்த்திருக்கா. "ரெண்டு தடவையும் மிளகு சரியா மறைச்சுது டீச்சர். ஆனா குச்சியை எடுத்துட்டா எனக்கு முதல் நிலா பெரிசாத்தான் தெரிஞ்சுது"ன்னு சொன்னா.

"அப்ப எது சரி?"ன்னு கேட்டேன்.

"மிளகு சரி. எனக்குப் பெரிசாத் தெரிஞ்சதும் நிஜம்தான்"னா. அடுத்த பௌர்ணமிக்கு அவ பாட்டிக்கும் பெரிசாத் தெரியுதான்னு கேட்டுட்டு வரப் போறாளாம். குச்சியை என் மேசை டிராயர்ல பத்திரமா வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கா.